இரண்டு போர்களுக்கு நடுவில் வந்த பாஸ்போர்ட்டைப் படிப்பது எப்படி?

பழைய பாஸ்போர்ட் ஒன்று கிடைத்தால் எல்லாரும் நேராக முத்திரைப் பக்கத்துக்குத்தான் தாவுவார்கள். வேண்டாம். 1919-க்கும் 1939-க்கும் இடைப்பட்ட பாஸ்போர்ட்டில், ஆள் எங்கே போனார் என்பதைவிட அவரை யார், எங்கே, எதற்காக நிறுத்தினார்கள் என்பதுதான் அதிகம் தெரியும். அதைப் பார்க்க முதல் பக்கத்திலிருந்து வர வேண்டும். அசல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏலத் தளங்களிலும் அருங்காட்சியகத் தளங்களிலும் ஸ்கேன் படங்கள் கிடைக்கின்றன, பழகிக்கொள்ள அவையே போதும்.

படி 1: வடிவத்தைப் பாருங்கள்

1914-க்கு முன்னால் ரஷ்யா, துருக்கி போன்ற சில இடங்களைத் தவிர, ஐரோப்பாவில் பெரும்பாலும் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வர முடிந்தது. போர் வந்தது, கெடுபிடி வந்தது, போர் முடிந்த பிறகும் கெடுபிடி மட்டும் போகவில்லை. 1920 அக்டோபரில் பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பாரிஸில் கூட்டிய மாநாடு ஒரு பொது மாதிரியை வகுத்தது: அட்டை போட்ட புத்தகம், 32 பக்கம், 15.5 செ.மீ.க்கு 10.5 செ.மீ., குறைந்தது இரண்டு மொழி, அதில் ஒன்று பிரெஞ்சு. புத்தகமாக இல்லாமல் மடித்த ஒற்றைத் தாளாக இருந்தால் அநேகமாக 1920களின் முற்பகுதி அல்லது அதற்கும் முந்தியது. ஆனால் அவசரப்பட வேண்டாம், நான்சென் பாஸ்போர்ட்டும் தாள்தான். சோவியத் அரசு குடியுரிமையைப் பறித்த ரஷ்ய அகதிகளுக்கு 1922 முதலும், ஆர்மீனியர்களுக்கு 1924 முதலும் கொடுத்த பத்திரம் அது. பன்னாட்டுச் சங்கத்தின் அகதிகள் ஆணையரான நான்சென் பெயரில்தான் அதை அழைத்தார்கள், அவர் முகம் போட்ட கட்டண ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் சந்தேகமே இல்லை.

படி 2: ஆள் விவரம்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் முதல் பக்க வாசகம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், அது அப்போதைய வெளியுறவு அமைச்சரின் பெயர். தேதி மங்கிப் போயிருந்தாலும் கர்சன் என்றால் 1919–24, ஜான் சைமன் என்றால் 1931–35 என்று காலத்தைப் பிடித்துவிடலாம்.

அடுத்து தொழில், பிறந்த ஊர், உயரம், கண் நிறம், தலைமுடி நிறம். அதே பக்கத்தில் ‘மனைவி’ என்று தனியாக ஒரு பத்தி இருக்கும். கணவனின் புத்தகத்திலேயே அவர் படத்தையும் ஒட்டிவிடுவார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான், இன்னாரும் அவர் மனைவியும் என்று போட்டிருக்கும், பல நேரம் அந்த அம்மாவின் சொந்தப் பெயரே இருக்காது. அந்த நாட்டில் கல்யாணமான ஒரு பெண் தன் சொந்தப் பெயரில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் வாங்கியது 1925-இல், அவர் டோரிஸ் ஃப்ளைஷ்மன்.

படி 3: இப்போது முத்திரைகள்

கிடைத்த இடத்தில் குத்தியிருப்பார்கள், அதனால் பக்க வரிசையை நம்பாதீர்கள். தேதி, ஊர், நாடு, உள்ளே போனதா வெளியே வந்ததா என்று ஒரு தாளில் எழுதித் தேதிவாரியாக அடுக்குங்கள். தேதி தெரியாவிட்டால் பெயர்கள் உதவும். ‘செர்பியர், குரோஷியர், ஸ்லோவீனியர் முடியரசு’ என்றிருந்தால் 1929-க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு, அதன்பின் அது யூகோஸ்லாவியா. துருக்கி முத்திரை அரபு எழுத்தில் இருந்தால் 1928 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியக் குறிப்புகளில் தேதிக்குப் பக்கத்தில் ரோமன் எண் இருந்தால் அது 1922 அக்டோபரிலிருந்து எண்ணிய பாசிச ஆண்டு, 12 என்றால் 1933 அக்டோபருக்கும் 1934 அக்டோபருக்கும் நடுவில்.

ஊர்ப் பெயர்களில் பாதி உங்களுக்குப் பிடிபடாது. பயப்பட வேண்டாம், அவை பெரும்பாலும் எல்லை ரயில் நிலையங்கள். போஸ்டூமியா என்பது சிம்ப்ளான் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் இத்தாலியை விட்டு வெளியேறும் இடம், இன்றைக்கு அது ஸ்லோவேனியாவில் போஸ்தோய்னா.

படி 4: காசு

விசா பக்கத்தில் ஒட்டிய கட்டண ஸ்டாம்புகளைக் கூட்டிப் பாருங்கள். 1920 சட்டப்படி அமெரிக்க விசாவுக்கு 10 டாலர், பதிலுக்கு மற்ற நாடுகளும் அமெரிக்கர்களிடம் அதையே கறந்தன. ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்த நாட்டுக்கும் ட்ரான்ஸிட் விசா வாங்கியிருப்பார்கள். ஏழைகள் சுற்றுலா போகாததற்கு டிக்கெட் விலை மட்டும் காரணமில்லை.

படி 5: சிவப்பு எழுத்து

ஜெர்மன் பாஸ்போர்ட் என்றால் முதல் பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். பெரிய சிவப்பு ‘ஜே’ எழுத்து இருந்தால் அவர் யூதர். சுவிட்சர்லாந்துடன் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1938 அக்டோபர் 5 ஆணைப்படி குத்தியது. எல்லையில் நிற்பவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய ஆள் யார் என்று பளிச்சென்று தெரிய வேண்டுமாம். 1939 ஜனவரி முதல் ஆண்கள் பெயரில் ‘இஸ்ரேல்’, பெண்கள் பெயரில் ‘சாரா’ என்றும் கட்டாயமாகச் சேர்த்தார்கள், பழைய புத்தகத்தில் அது பேனாவால் இடைச்செருகியதுபோல இருக்கும். வங்கி முத்திரை இருந்தால் தொகையைப் படியுங்கள், வெளியேறுபவர் கொண்டுபோக அனுமதி 10 ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) மட்டும்தான்.

1938-இல் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்ட ஆஸ்திரியாவின் வியன்னாவில் சீனத் தூதரக அதிகாரி ஹோ ஃபெங்-ஷான் கொடுத்த ஷாங்காய் விசாவும் சிலவற்றில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் ஷாங்காயில் இறங்க அப்போது விசாவே வேண்டாம், ஆனால் ஜெர்மன் ஆட்சியிலிருந்து வெளியேற ‘போக இடம் இருக்கிறது’ என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். அவர்கள் ஏறிய இத்தாலியக் கப்பல்கள் பம்பாய், கொழும்பு வழியாகத்தான் போயின.

படி 6: மேலே தேடுவது

பெயரும் பிறந்த தேதியும் கிடைத்துவிட்டால் நியூயார்க்கில் கப்பலில் வந்து இறங்கியவர்களைப் பதிவு செய்த எல்லிஸ் தீவு பயணிகள் பட்டியலிலும், நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்கள் என்றால் ஜெர்மனியில் உள்ள அரோல்சன் ஆவணக்காப்பகத்திலும் இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். ஒரே பெயருக்கு நாட்டுக்கு நாடு எழுத்துக்கூட்டல் மாறும், அதனால் பாஸ்போர்ட்டில் உள்ள எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள்.