அறிவியல் சங்கத்தின் ஆய்விதழில் ஆசிரியரையும் பதிப்பாளரையும் மாற்றுவது எப்படி

ஓர் அறிவியல் சங்கத்தின் ஆய்விதழுக்கு முதன்மை ஆசிரியர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பதிப்பாளர் அதைவிட அரிதாகவும்தான் மாறுகிறார்கள். ஆகவே, சென்ற முறை இந்த மாற்றத்தை நடத்தியவர்கள் அடுத்த முறை பெரும்பாலும் செயற்குழுவில் இருப்பதில்லை. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை யாரும் எழுதி வைத்திருப்பதும் இல்லை. இத்தகைய மாற்றம் ஒன்றின்போது ஆசிரியர் குழுவின் செயலராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்த முடிவையும் ஒரே கேள்வியில் உரசிப் பார்க்கலாம்: நம்மை நம்பிக் கட்டுரை அனுப்பியவருக்கு இதனால் இழப்பு உண்டா?

முதலில் தற்போதைய பதிப்பாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். இதழின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அதில் தேட வேண்டிய முதல் செய்தி. 2015இல் ‘லிங்குவா’ என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு எல்சேவியர் பதிப்பகத்திலிருந்து ஒட்டுமொத்தமாக விலகியபோது, பெயர் பதிப்பகத்திடமே இருந்ததால், ‘குளோசா’ என்ற புதிய பெயரில்தான் அவர்களால் இதழ் தொடங்க முடிந்தது. 2019 ஜனவரியில் ‘ஜர்னல் ஆஃப் இன்ஃபர்மெட்ரிக்ஸ்’ ஆசிரியர் குழுவுக்கும் அதே நிலைதான். அவர்கள் தங்கள் துறையின் சர்வதேசச் சங்கத்தின் இதழாகப் புதிய பெயர் ஒன்றை எம்.ஐ.டி. பிரஸ் வழியாகத் தொடங்கினார்கள். இதற்கு மாறாக, அமெரிக்க மரபியல் சங்கம் 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்குச் சென்றபோது, 1916 முதல் வெளிவரும் ‘ஜெனெடிக்ஸ்’ என்ற பெயர் அதனுடனேயே சென்றது. பெயருக்கு அடுத்தபடியாக, இணையதள முகவரி, பழைய இதழ்களின் பதிப்புரிமை, அவற்றின் எக்ஸ்.எம்.எல். கோப்புகள் (கணினி படிக்கும் வடிவிலான கட்டுரை மூலங்கள்), சந்தாதாரர் பட்டியல், கட்டுரை சமர்ப்பிக்கும் மென்பொருளில் உள்ள தரவுகள் ஆகிய ஒவ்வொன்றும் யாருடையது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் வாய் திறக்காத இடங்களில்தான் பின்னால் தகராறு வரும்.

அடுத்தது காலக் கணக்கு. பல ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட நாளுக்குள் அறிவிப்புத் தராவிட்டால் தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற விதி இருக்கும். நூலகங்கள் அடுத்த ஆண்டின் சந்தாவை முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முடிவு செய்துவிடுவதால், ஜனவரி 1 அன்று மாற வேண்டுமென்றால் புதிய விலைப்பட்டியல் அதற்கு முந்தைய ஆண்டின் நடுவிலேயே அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தப் புள்ளி கோருவது, பேச்சுவார்த்தை, பொதுக்குழுவின் ஒப்புதல் எல்லாவற்றையும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது விளங்கும்.

பதிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆண்டுக்கு எவ்வளவு தருவார் என்பதிலேயே செயற்குழுவின் கண் நிற்கும். சங்கத்தின் மாநாடுகளும் மாணவர் உதவித்தொகையும் பெரும்பாலும் அந்த வருவாயில் நடப்பவை என்பதால் அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தொகை வெளியாகும் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறதா, கட்டுரையை வெளியிடக் கட்டுரையாளர் செலுத்தும் கட்டணத்தை நிர்ணயிப்பது யார், கட்டணம் செலுத்த இயலாதவருக்கு விலக்கு உண்டா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். எண்ணிக்கைக்குப் பணம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், தரமற்ற கட்டுரையைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஆசிரியர் சங்கத்தின் கணக்கோடு மோத வேண்டிவரும்.

முதன்மை ஆசிரியர் விஷயத்தில் சங்கம் முதலில் எழுதி வைக்க வேண்டியது அவரது சுதந்திரத்தின் எல்லை. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் ‘ஜாமா’ இதழின் ஆசிரியர் ஜார்ஜ் லண்ட்பர்க்கைப் பதவி நீக்கியது. அதே ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஆசிரியர் ஜெரோம் காசிரரும் இதழின் உரிமையாளரான மருத்துவச் சங்கத்துடன் ஏற்பட்ட மோதலில் பதவி இழந்தார். ‘ஜாமா’வுக்கு அதன் பிறகுதான் ஆசிரியரின் சுதந்திரத்தைக் காக்கும் மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டது. உங்கள் சங்கம் அப்படி ஒரு நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பதவிக்காலம் எத்தனை ஆண்டு, எத்தனை முறை நீட்டிக்கலாம், எந்தக் காரணத்துக்காக நீக்கலாம், நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பவை நியமனக் கடிதத்திலேயே இருக்கட்டும். பழைய ஆசிரியரும் புதியவரும் ஆறு மாதமாவது சேர்ந்து பணியாற்றட்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஆசிரியரையும் பதிப்பாளரையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். ஒருவருக்கேனும் பழைய வழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் இதழில் நாங்கள் சறுக்கியது, மாற்றத்தின்போது நடுவழியில் இருந்த கட்டுரைகள் விஷயத்தில்தான். பழைய சமர்ப்பிப்பு மென்பொருள் மூடப்பட்ட நாளில், திருத்தம் கேட்டு அனுப்பப்பட்ட கட்டுரைகள் கட்டுரையாளர்களின் கையில் இருந்தன. இரு தரப்பும் அவற்றைத் தங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. முனைவர் பட்ட மாணவி ஒருவர் திருத்திய கட்டுரையைப் பதிவேற்ற முயன்றபோது இணைப்பு இயங்கவில்லை. மின்னஞ்சலுக்கும் பதில் போகவில்லை. நான்கு மாதம் கழித்து அவருடைய நெறியாளர் தொலைபேசியில் அழைத்த பிறகே எங்களுக்கு விவரம் தெரிந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அந்த மாணவி இக்கட்டுரையின் ஏற்பை எதிர்பார்த்திருந்தார். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே, மாற்றத்துக்கு மூன்று மாதம் முன்பே ஒரு எக்ஸெல் தாள் தயாரியுங்கள். கட்டுரை எண், தொடர்புக்குரிய கட்டுரையாளர், தற்போதைய நிலை, கட்டுரை இப்போது யார் கையில், அதை முடிக்கப்போவது பழைய ஆசிரியரா புதியவரா, எந்த மென்பொருளில் என்று ஆறு பத்திகள் போதும். குறிப்பிட்ட நாளுக்குப் பின் வரும் புதிய கட்டுரைகள் புதிய மென்பொருளுக்கே செல்லட்டும். ஏற்கெனவே மதிப்பீட்டில் உள்ளவை பழையதிலேயே முடியட்டும். அதற்காகப் பழைய மென்பொருளை மேலும் ஆறு மாதம் திறந்து வைக்க ஒப்பந்தத்தில் இடம் வாங்குங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் போகட்டும். “தங்கள் கட்டுரை தற்போது இரண்டாம் மதிப்பீட்டாளரிடம் உள்ளது, மார்ச் 31 வரை அதே இணைப்பைப் பயன்படுத்தலாம், ஐயம் இருந்தால் கீழ்க்கண்டவரை அணுகவும்” என்ற மூன்று வரிகளும், பதில் தரக்கூடிய ஒருவரின் பெயரும் இருந்தால் போதும். மதிப்பீட்டாளர்களின் பெயர்களும் அறிக்கைகளும் இரகசியமானவை. அவற்றைப் புதிய நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் சட்ட ஆலோசனை பெறுவது அவசியம்.

அடையாள எண்களைப் பொறுத்தவரை, பதிப்பாளர் மாறுவதால் இதழுக்குரிய சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். மாறுவதில்லை, இதழின் பெயர் கணிசமாக மாறினால்தான் புதிய எண் பெற வேண்டும். வெளியான கட்டுரைகளின் நிரந்தர இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்களும் அப்படியே நீடிக்கும். அவை சுட்டும் முகவரியைப் புதிய பதிப்பாளர், இந்த எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் பதிவில் மாற்ற வேண்டும். பதிப்பாளர் மாற்றத்துக்கென்றே ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற நடைமுறை விதித்தொகுப்பு உள்ளது. அதை இப்போது அமெரிக்காவின் நிசோ என்ற தகவல் தர நிர்ணய அமைப்பு பராமரிக்கிறது. இரு பதிப்பாளர்களும் அதற்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். பழைய இதழ்கள் போர்டிகோ, கிளாக்ஸ் போன்ற நிரந்தரக் காப்பகங்களில் தொடர்ந்து இருக்கின்றனவா என்றும் உறுதிசெய்யுங்கள். பழைய இணையதள முகவரியைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். காலாவதியான முகவரியை வாங்கி, அதே இதழின் பெயரில் போலித் தளம் நடத்திக் கட்டுரையாளர்களிடம் பணம் பறிப்பவர்கள் உண்டு.

மாறிய அன்று காலை, வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த இருபது கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். முதல் தொகுதியின் முதல் கட்டுரையும், பின்னிணைப்புத் தரவு கொண்ட ஒன்றும், பிழையோ முறைகேடோ காரணமாகத் திரும்பப் பெறப்பட்ட ஒன்றும் அவற்றில் இருக்கட்டும். திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு புதிய தளத்திலும் கட்டுரையின் தலைப்பில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பழைய பதிப்பாளரின் இறுதிக் கணக்கில் கையெழுத்திடுங்கள்.