உங்களிடம் இருக்கும் ரேடியோ சிப்புகளை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

பர்ஸில் இருக்கும் வங்கி கார்டு, கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை, கார் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக், புதுச் சட்டையின் விலைச்சீட்டு. இவற்றில் எதிலும் பேட்டரி கிடையாது. பக்கத்தில் ஒரு ரீடர் (படிக்கும் கருவி) ரேடியோ அலை அனுப்பினால், அந்த அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிடும். உங்களிடம் அனுமதி கேட்காது. கேட்பவர் யார் என்றும் பல சிப்புகள் பார்ப்பதில்லை. இந்த நுட்பத்துக்குப் பெயர் ஆர்எஃப்ஐடி.

"பணம் திருடு போகுமா?" என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். என் கவலை வேறு. ஒரே எண் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டு, நேரத்தோடும் இடத்தோடும் ஒரு கணினியில் சேர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பதிவு யாரிடம் இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்று நாம் கேட்பதே இல்லை. கீழே உள்ளவற்றைச் செய்ய ஒரு ஆண்ட்ராய்டு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள்

பர்ஸ், கைப்பை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். பிறகு எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடியும் என்பதை வைத்துப் பிரியுங்கள். வங்கி கார்டு, மெட்ரோ கார்டு, இ-பாஸ்போர்ட் ஆகியவை 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை; சில சென்டிமீட்டர் நெருங்கினால்தான் படிக்க முடியும். பழைய கதவு அட்டைகள் பல 125 கிலோஹெர்ட்ஸ். அவற்றுக்கும் அநேகமாக அதே தூரம்தான். ஃபாஸ்டேக்கும் துணிக்கடைச் சீட்டுகளும் இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. இவற்றைப் பல மீட்டர் தள்ளி நின்றே படித்துவிடலாம்.

படி 2: போனைக் கொண்டு படித்துப் பாருங்கள்

போன் செட்டிங்ஸில் என்எஃப்சியை, அதாவது மிக அருகிலுள்ள சிப்பைப் படிக்கும் வசதியை, ஆன் செய்யுங்கள். பிளே ஸ்டோரில் என்எக்ஸ்பி நிறுவனத்தின் டேக்இன்ஃபோ செயலியை இறக்குங்கள். ஒவ்வொரு அட்டையாகப் போனின் பின்பக்கத்தில் வையுங்கள். திரையில் வரும் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, அட்டையை எடுத்துவிட்டு மறுபடியும் வையுங்கள்.

இரண்டு முறையும் ஒரே எண் வந்தால், அந்த அட்டை யார் கேட்டாலும் அதே எண்ணைத்தான் சொல்லும். ஒவ்வொரு முறையும் எண் மாறினால் நல்லது. அந்த எண்ணை வைத்து உங்களைத் தொடர முடியாது. பல நாட்டு இ-பாஸ்போர்ட்டுகள் இப்படித்தான் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அதுமட்டுமில்லாமல், பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் அச்சிட்ட விவரங்களை முதலில் கொடுத்தால்தான் சிப் திறக்கும். கவனமாக வடிவமைத்தால் இவ்வளவு செய்யலாம் என்பதற்கு இது சான்று.

ஒன்றுமே வரவில்லையா? சிப் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். 13.56 தவிர மற்ற அலைவரிசைகள் போனுக்கு எட்டாது.

படி 3: வங்கி கார்டு

உங்கள் வங்கியின் செயலியில் கார்டு பகுதிக்குப் போங்கள். கான்டாக்ட்லெஸ் வசதியை ஆன், ஆஃப் செய்ய அங்கே ஒரு பொத்தான் இருக்கும். இந்த வசதியைத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ரகசிய பின் எண் (PIN) இல்லாமல் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை போகும் என்பதால், வேண்டாதவர்கள் அணைத்து வையுங்கள். பல கார்டுகளில் கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் போனாலேயே படிக்க முடியும். பின்பக்கத்து மூன்று இலக்கம் வராது. இதற்கென்று விலை உயர்ந்த பர்ஸ் வாங்கத் தேவையில்லை. அலுமினியத் தாளில் முழுதாகச் சுற்றினாலே அலை உள்ளே போகாது.

படி 4: அலுவலக அட்டை

டேக்இன்ஃபோ "மைஃபேர் கிளாசிக்" என்ற சிப் வகையைக் காட்டினால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அதன் பூட்டை ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துவிட்டார்கள். கூடவே, நீங்கள் எந்தக் கதவை எப்போது திறந்தீர்கள் என்ற பதிவை எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

படி 5: துணிகள்

சீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே வளைந்து வளைந்து போகும் உலோகக் கோடு தெரிந்தால் அதுதான் ஆண்டெனா. வெட்டி எறியுங்கள். உள்தையலில் வைத்துத் தைத்த சீட்டையும் பாருங்கள். 2003-இல் இத்தாலிய உடை நிறுவனமான பெனட்டன் தன் உடைகளில் சிப் வைக்கும் திட்டம் வெளியானபோது அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று புறக்கணிப்புக்கு அழைத்தது, நிறுவனம் பின்வாங்கியது. கேட்டால் பலன் இருக்கிறது.

படி 6: ஃபாஸ்டேக்

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2022 ஜூனில், கண்ணாடி துடைக்கும் சிறுவன் கைக்கடிகாரத்தால் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் எடுப்பதாக ஒரு வீடியோ பரவியது. அது பொய். பதிவு செய்த வணிகர்களால் மட்டுமே பணம் எடுக்க முடியும் என்று ஃபாஸ்டேக் பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ விளக்கியது. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

ஆனால் உங்கள் பயணம் பதிவாவது மட்டும் உண்மை. வங்கியின் ஃபாஸ்டேக் பக்கத்தில் உள்நுழைந்து கடந்த சில மாத ஸ்டேட்மென்ட்டை இறக்குங்கள். எந்தச் சுங்கச்சாவடியை எந்த நிமிடம் கடந்தீர்கள் என்று வரிசையாக இருக்கும். சொந்த ஊர், வேலை, மருத்துவமனை எல்லாம் அதில் தெரியும். சுங்கம் கழியும்போது வரும் எஸ்எம்எஸ் யாருடைய போனுக்குப் போகிறது என்றும் பாருங்கள். கணவர் பெயரில் கார், மனைவி ஓட்டுகிறார் என்றால், அவர் போகுமிடமெல்லாம் இன்னொருவருக்குச் செய்தியாகப் போய்க்கொண்டிருக்கும். இதை இருவரும் தெரிந்து ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாமா? கூடாது. கண்ணாடியில் ஒட்டாத டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது. டேக் இல்லாமல் போனால் சுங்கக் கட்டணம் கூடும். சாலையில் தடம் விடாமல் போவதற்கு இந்த நாட்டில் அபராதம் இருக்கிறது என்பதே இதன் பொருள். நம் கையில் இருப்பது இவ்வளவுதான்: மால் வாகன நிறுத்தங்களில் ஃபாஸ்டேக்குக்குப் பதில் ரொக்கம் கொடுப்பது, காரை விற்ற அன்றே டேக்கை மூடச் சொல்லி வங்கிக்கு எழுதுவது. சந்தேகங்களுக்கு 1033 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

படி 7: யாரோ வைத்த டிராக்கர்

ஆப்பிளின் ஏர்டேக் போன்ற, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிறு கருவிகளில் பேட்டரி உண்டு. புளூடூத் வழியே வேலை செய்யும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரம் என்ற பகுதிக்குப் போய், தெரியாத டிராக்கர் எச்சரிக்கையைத் தேடி, கையாலும் ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். கார் சீட்டின் அடி, பையின் லைனிங், வண்டியின் டிக்கி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். ஏர்டேக் கிடைத்தால் அதன் வெள்ளைப் பக்கத்தில் போனை வையுங்கள். வரிசை எண்ணும், பதிவு செய்தவரின் போன் எண்ணில் கடைசி நான்கு இலக்கமும் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பேட்டரியைக் கழற்றுங்கள்.

வைத்தவர் வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்று தோன்றினால் உடனே கழற்ற வேண்டாம். சமிக்ஞை நின்றதும் அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் நம்பிக்கையானவர் வீட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ போங்கள். பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.