ஹோர்முஸ் நீரிணையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை: மலையகத்திலிருந்து ஒரு கொள்கை ஆய்வை எழுதுவது எப்படி?

பன்னாட்டு விவகாரங்களைப் பற்றி எழுதத் தொடங்கும் நம் மாணவர்களில் பலர் தலைப்பிலேயே இடறிவிடுகிறார்கள். "மத்திய கிழக்கு நெருக்கடியும் மலையகமும்" என்று தலைப்பிட்டால் ஆயுள் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கலாம். "ஈரானுக்கான இலங்கையின் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைக்கும் ஏற்பாடு நுவரெலியா மாவட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் வருமானத்தை மாற்றியதா?" என்று கேளுங்கள். "இல்லை" என்ற விடைக்கும் இடமுள்ள கேள்வியே ஆய்வுக்கு உகந்தது.

அடுத்து, காரண காரியச் சங்கிலியை ஒரே தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்டது. அமெரிக்கத் தடைகள் வங்கி வழியான கொடுப்பனவை முடக்கின. 251 மில்லியன் டொலர் நிலுவையாக நின்றது. மாதந்தோறும் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அதை அடைப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. ஏற்றுமதியோ 2023 இல்தான் தொடங்கியது. இதன் கீழே கொழும்பு ஏலம், தொழிற்சாலை, மலை (கொழுந்து பறிக்கும் இடம்), லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என எழுதி, ஒவ்வொரு கண்ணிக்கும் எதிரே அதற்கான ஆவணத்தைக் குறியுங்கள். ஆவணம் கிடைக்காத கண்ணிக்குக் கேள்விக்குறி இடுங்கள்.

கதை சொல்லத் தொடங்குமுன் அளவைப் பாருங்கள். மாதம் 5 மில்லியன் என்றால் ஆண்டுக்கு 60 மில்லியன் டொலர். 2023 இல் நாட்டின் தேயிலை ஏற்றுமதி வருமானம் ஏறத்தாழ 1,300 மில்லியன் டொலர் என்பதால், உடன்பாடு முழுமையாக நடந்திருந்தாலும் அது இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இந்த வகுத்தலைச் செய்யாமல் எழுதப்பட்ட அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று நான் எழுதியது.

பிறகு, கண்ணிகள் அறும் இடங்களைத் தேடுங்கள்; ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஈரான், ஈராக் போன்ற நாடுகள் பெரிதும் விரும்பி வாங்குவது காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையை. டிம்புள, நுவரெலியா உயர்நிலத் தேயிலைக்கு வேறு சந்தைகள் உண்டு. அடுத்த முறிவு கூலியில் இருக்கிறது. சிற்றுடைமையாளருக்குக் கொழுந்தின் விலை ஏல விலையை ஒட்டி, அவருக்கு 68 வீதம், தொழிற்சாலைக்கு 32 வீதம் என்ற பங்கீட்டில் கிடைக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோ சம்பள நிர்ணய சபையில் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே ஏலத்தில் விலை ஏறிய வாரத்தில் பேர் போட்ட (வேலைக்கு வந்ததாகப் பதிவான) ஒருவரின் கணக்கில் ஒரு ரூபாயும் தானாகக் கூடாது.

அப்படியானால் உலக எரிசக்தி நெருக்கடி மலைக்கு எந்த வழியாக ஏறுகிறது? நான் கண்டவரை, தேயிலையை வாங்குபவர் வழியாக அன்றி டீசல், மின்சாரம், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் வழியாகவே. ஒரு தொழிற்சாலையில் ஜெனரேட்டர் குறிப்பேட்டைப் பார்க்க அனுமதித்தார்கள். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த 2022 மார்ச் இறுதிப் பக்கங்களில் நேரமும் லீற்றரும் வரிசையாக இருந்தன; ஓரிடத்தில் மட்டும் "டீசல் இல்லை, கொழுந்து சிவந்தது" என்று பென்சிலால் எழுதியிருந்தது. வாட்டும் காற்றாடிகள் நின்றதும் குவிந்த கொழுந்து சூடேறிப் பழுதாவதை அந்த வரி சொன்ன அளவுக்கு எந்த ஆண்டறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானதை லயத்து அடுப்படியில் கேட்டு எழுதுங்கள். ஒரு வீட்டோடு நிறுத்தாமல் பத்து வீடுகளிலாவது கேளுங்கள்.

ஏற்றுமதி, விலை பற்றிய எண்களுக்கு மத்திய வங்கி, தேயிலைச் சபை, சுங்கத் திணைக்களம் ஆகியவற்றின் வெளியீடுகள் போதும். வெளியிடப்படாதவற்றுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம்; தகவலைத் தருவதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். "எல்லாத் தகவலும்" என்று கேட்டால் இழுபடும். ஒரு மாதம், ஒரு அட்டவணை என்று கேளுங்கள்.

பரிந்துரையை "அரசாங்கம்" என்ற பொதுச்சொல்லுக்கு எழுதாதீர்கள். எரிபொருள் பங்கீடு வந்தால் கொழுந்து வரத்து மிகும் மாதங்களில் தொழிற்சாலைகளுக்கு எத்தனை லீற்றர், எந்த அதிகாரியின் கையொப்பத்தில் என்பதுவரை எழுதி, இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு டீமேக்கரிடம் (தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவரிடம்) வாசித்துக் காட்டி, அவர் இடைமறித்த இடங்களைத் திருத்துங்கள்.