வெரிகோஸ்: புடைப்பைப் பார்த்துவிட்டுக் கணுக்காலை மறந்துவிடாதீர்கள்

கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும் வெரிகோஸ் ரத்தக்குழாயைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள்கூட, அதற்குக் கீழே உட்புறக் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துவருவதைக் கண்டுகொள்வதில்லை. புடைப்பு பல வருடம் சும்மா இருக்கலாம். கறுப்பு அப்படியில்லை, அடுத்து அங்கே புண் வரக்கூடும்.

காலிலிருந்து ரத்தம் மேலேறித்தான் இதயத்துக்குப் போக வேண்டும். ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் இருக்க, அதைக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் தேங்கி, அழுத்தமெல்லாம் கணுக்காலருகே விழுகிறது. மாலையில் கால் கனக்கும், வீங்கும். போகப்போக அரிப்பு, கறுப்பு, பிறகு தோல் இறுகுவது என்று வளரும். ஜவுளிக்கடை ஊழியர், டீ மாஸ்டர், போக்குவரத்துக் காவலர் என்று நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே வந்தது. இருக்கை போட்ட கடைகளிலும் உட்கார விடுகிறார்களா என்பது வேறு கதை.

அந்த அரிப்பைப் படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசுவது பெரிய தவறு. ஸ்டீராய்டு கலந்த களிம்பை விடாமல் பூசினால் ஏற்கெனவே நலிந்த தோல் இன்னும் மெலியும். புண் வந்தபின் இன்னொரு தவறு: ‘சர்க்கரைப் புண்’ என்று தாமாகவே முடிவுகட்டி மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருப்பது. சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்திலும் விரல்களிலும் வரும். வெரிகோஸ் புண் கணுக்காலுக்குச் சற்று மேலே வரும். தேங்கும் ரத்தத்துக்கு வழி செய்யாமல் மேலே மருந்து மட்டும் வைத்தால் அது எளிதில் ஆறாது.

அழுத்தக் காலுறை நல்ல வைத்தியம்தான், ஆனால் வாங்கியவர்களில் பலர் அதைத் தப்பாகவே போடுகிறார்கள். கால் வீங்கிய பிறகு மாலையில் மாட்டிப் பயனில்லை. காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், படுக்கும்போது கழற்றிவிடலாம். மேல்விளிம்பை மடித்துவிட்டால் அந்த இடமே கயிறு கட்டியதுபோல் இறுக்கும். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியில் அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே அணிய வேண்டும். அடைப்பிருக்கும் காலை இறுக்கினால் பாதமே கெட்டுப்போகலாம்.

“அந்தக் குழாயை எடுத்துட்டா ரத்தம் எப்படிப் போகும்?” என்று பயந்தே பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். கால் ரத்தத்தின் பெரும்பகுதி தசைக்குள் இருக்கும் ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறது. கெட்டுப்போன மேல்சிரையை லேசரிலோ ரேடியோ அலையிலோ மூடிவிட்டால் இழப்பொன்றும் இல்லை. அதற்கு முன் ஆழ்சிரை சரியாக இருக்கிறதா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பது அவசியம். ஸ்கேன் இல்லாமல் சிகிச்சைக்கு நாள் குறிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். கர்ப்பிணிகள் மட்டும் அவசரப்பட வேண்டாம், பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் புடைப்பு குறையும்.

இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் உடனே வெரிகோஸ்மேல் பழி போடாதீர்கள். இதயம், சிறுநீரகம் காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரைகூடக் காலை வீங்கவைக்கும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டை வலித்து, தொட்டால் சுட்டால் தைலம் தேய்த்து நீவவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பி நுரையீரலை அடைக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐ அழையுங்கள்.

புடைத்த குழாய் உடைந்து ரத்தம் பீய்ச்சினால், நாற்காலியில் உட்காரவைத்து முழங்காலுக்கு மேல் துண்டால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அதனால் ரத்தம் கூடத்தான் செய்யும். படுக்கவைத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியால் உடைந்த இடத்தையே பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நின்றதும் அதே துணிமேல் கட்டுப்போட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.