பீரோவில் ஒரு நோட்டு

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை என்றாலும் சரி, சோமனூர்ப் பக்கம் சொந்தத் தறி ஓட்டினாலும் சரி, கஷ்டம் சொல்லிக்கொண்டு வராது. முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். பாஸ்புக் எங்கே, நகை எந்த பேங்கில் அடமானம், சீட்டுப் பணம் யாரிடம், வரவேண்டிய கூலிப் பாக்கி எவ்வளவு என்று எழுதி, பீரோவில் வைத்து வீட்டில் காட்டிவிடுங்கள். கைமாத்து வாங்கியதையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் குடும்பத்தை அதிகம் தவிக்கவிடுவது அந்தக் கணக்குதான்.

அப்புறம் பி.எஃப். நாமினி. கல்யாணம் ஆனதும் புதிதாகப் பதிய வேண்டும். பலர் பழைய பெயரோடே விட்டுவிடுகிறார்கள். யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு எண் இருந்தால் ஆன்லைனிலேயே மாற்றலாம். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் குடும்பத்தார் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உடம்பு முடியாமல் படுத்தால், சந்தா கட்டிய நாட்கள் சரியாக இருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும்.

இ.எஸ்.ஐ. இல்லாத தறிக்காரர்கள் பேங்கில் கேளுங்கள். பிரதமர் திட்டத்தில் வருஷம் 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு, இரண்டுக்கும் தலா 2 லட்சம். மே மாதக் கடைசியில் பணம் எடுப்பார்கள். அப்போது கணக்கில் பேலன்ஸ் இருக்கட்டும்.

நூல் விலை ஏறி, தறியில் ஏற்றும் பாவு நூல் வராமல் தறி நிற்கும் மாதங்களும் உண்டு. மூன்று மாத வாடகை, கரண்ட் பில், ஆள் கூலிக்கு ஆகும் தொகையைத் தனிக் கணக்கில் சேருங்கள், அதன் ஏ.டி.எம். கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.