நாலு பேர் கேட்க ஆரம்பித்த பிறகு ஹார்ட் ராக் பேண்டுகள் செய்யும் தவறுகள்

பாட்டு சரியில்லாமல் கலைந்த பேண்டுகளை விட, பாட்டு ஓடத் தொடங்கியதும் கலைந்த பேண்டுகள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். ஆரம்பத்தில் சண்டைக்கு வேலையே இல்லை, பங்கு போட ஒன்றும் இருக்காது. முதல் அட்வான்ஸ் கைக்கு வரும்போது, முதல் பெரிய மேடை கிடைக்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

சென்னைக்குக் குடிபெயர்ந்தால்தான் வளர முடியும் என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வையுங்கள். கிரிஷ் அண்ட் தி க்ரோனிக்கிள்ஸ் என்ற ஹார்ட் ராக் பேண்ட் 2009-ல் சிக்கிமின் கேங்டாக்கில் தொடங்கியது. டெல்லியின் ப்ளடிவுட் பேண்டும் யூடியூபில் கவர் பாட்டுகள் (பிறர் பாட்டைத் தங்கள் பாணியில் வாசிப்பது) போட்டுக்கொண்டிருந்த கூட்டம்தான். 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசை விழா மேடையில் நின்றார்கள். ராமநாதபுரத்திலிருந்து ரயிலேறி, சென்னையில் வாடகை கட்டவே சம்பாதித்துக்கொண்டு, ரிகர்சலுக்கு நேரமில்லாமல் போவதில் என்ன லாபம்?

அடுத்தது சத்தம். ஹார்ட் ராக் என்றால் சத்தம்தானே என்று ஆம்பில் கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் (அதுதான் டிஸ்டார்ஷன்) கெயின் குமிழைக் கடைசி வரை திருகிவிடுகிறார்கள். வீட்டு அறையில், சின்ன ஆம்பில் அது கனமாகத்தான் கேட்கும். திறந்தவெளி மேடையில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, கடல்காற்று வேறு. ஸ்ட்ரோக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரைச்சலாகிவிடும், பாஸ் கிடார் வாசிக்கிறவர் சும்மா நிற்பதுபோல் தெரியும். ஏசி/டிசி பேண்டின் மால்கம் யங் வாசித்த ரிதமைக் கவனித்துக் கேளுங்கள். அந்தக் கிடாரில் டிஸ்டார்ஷன் நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. கனம் முழுக்க வலது கையிலிருந்து வருகிறது. கெயினைப் பாதியாகக் குறையுங்கள், வால்யூமை வேண்டுமானால் கூட்டுங்கள்.

நம் ஊர் மைக் செட்காரர்களுக்கு ஆர்கெஸ்ட்ரா பழக்கம். குரல் என்றதும் கை தானாக எக்கோவுக்குப் போகும். மெலடிக்கு அது அழகு. கத்திப் பாடும் ராக் வரிகளில் ஒரு சொல் கூடப் பிடிபடாது. அவரைக் குறை சொல்லாமல், மாலையிலேயே போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எக்கோ வேண்டாம் அண்ணே, குரல் மட்டும் முன்னால் நிற்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். சவுண்ட் செக் என்பதில் பாதி இதுதான்.

ஸ்டுடியோவிலும் இதே மோகம் உண்டு. மாஸ்டரிங் (பதிவான பாட்டுக்குக் கடைசி மெருகு) செய்பவரிடம் இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று நச்சரிப்பார்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் நசுக்கி ஏற்றியதை அது இறக்கிவிடும். மிஞ்சுவது நசுங்கிய ட்ரம்ஸ் மட்டும். மெட்டாலிகாவே 2008-ல் இப்படி ஒரு ஆல்பத்தை வெளியிட்டு, திரும்ப மாஸ்டர் செய்யுங்கள் என்று சொந்த ரசிகர்கள் மனுப்போடும் நிலைக்கு ஆளானார்கள்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் கிடார் ஆம்ப் 'ங்ங்ங்' என்று இரையும். உடனே யாராவது ஒரு அனுபவசாலி வந்து, பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு, "இப்பப் பாரு" என்பார். இரைச்சல் நின்றுவிடும், அவருக்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஆம்பின் உள்ளே எங்காவது ஒரு வயர் உரசினால் மின்சாரம் போக வேறு வழி இல்லாமல் கிடார் கம்பிக்கே வந்து நிற்கும். கம்பியில் விரல், மைக்கில் உதடு, மின்சுற்று பூர்த்தியாகிவிட்டது. 1972-ல் ஸ்டோன் தி க்ரோஸ் பேண்டின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில், எர்த் சரியில்லாத மேடையில், மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஆம்ப், மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். இரைச்சலைக் குறைக்க டிஐ பாக்ஸில் (கிடாரை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைப் பயன்படுத்துங்கள், அது ஒலிக் கம்பியின் கிரவுண்டை மட்டும்தான் துண்டிக்கும். மெயின் எர்த்தைத் தொடவே கூடாது. மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வரிசையில் இருக்கட்டும். எர்த் கம்பியை மேலாக உள்ள காய்ந்த மணலில் குத்திவைத்தால் அது பேருக்குத்தான் எர்த், ஈரமணல் வரை இறங்க வேண்டும். பாடுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக் வலையிலும் இன்னொன்றைக் கிடார் கம்பியிலும் வையுங்கள். முள்ளோ எண்ணோ பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். நாற்பது, ஐம்பது என்று காட்டினால் கமிட்டித் தலைவரே வந்து கெஞ்சினாலும் மேடையேறாதீர்கள்.

உப்புக்காற்றைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். ஆனாலும் கிடாரைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிறோம். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டியில் வைத்து மூடுங்கள். குமிழைத் திருகும்போது 'கர்கர்' என்றால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். (நம்புங்கள், விட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.)

திருவிழாவில் இடம் கேட்கும்போது 'கடைசி நிகழ்ச்சி' என்றால் கௌரவமாகத் தோன்றும். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். விசேஷ நாட்களுக்கு நள்ளிரவு வரை விலக்கு தர அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதுவும் வருஷத்துக்கு 15 நாட்களுக்கு மேல் போகாது. பேச்சாளர்கள் இழுத்து, பரிசளிப்பு இழுத்து, நீங்கள் ஏறும்போது மணி ஒன்பதே முக்கால் ஆகியிருக்கும். எட்டு மணி கேளுங்கள். அந்த நேரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் உங்களைக் கேட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு.

வீடியோ எடுக்க எல்லோருக்கும் தனுஷ்கோடிதான். 1964 புயலில் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் முடியைச் சிலுப்பும் ஷாட்டை எத்தனை தடவை பார்ப்பது? அது ரசனை விஷயம், விடுங்கள். ட்ரோனைத் தூக்கிப் பறக்கவிடுவதுதான் வம்பு. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, எதிரே இலங்கை எல்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி எந்த இடம் எந்த மண்டலம் என்று முதலில் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் படகில் போய் இறங்கக் கூடாது.

கொஞ்சம் பெயர் வந்ததும் 'பத்தாயிரம் ஸ்ட்ரீம் தருகிறோம்' என்று ஆட்கள் மெசேஜ் அனுப்புவார்கள். வாங்காதீர்கள். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் பாட்டே இறங்கிவிடும், சில சமயம் அபராதமும் உங்கள் தலையில் விழும். ஆசை புரிகிறது: 2024 முதல் 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசு தருவதில்லை. அந்த ஆயிரத்தைத் திருவிழாக் கூட்டத்திடம் க்யூஆர் அட்டை கொடுத்தே எட்டலாம்.

கடைசியில், எல்லோரும் பேசக் கூச்சப்படும் விஷயம். பாட்டு யாருடையது? ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) ஒருவர், வரிகள் ஒருவர், நடுவில் ட்ரம்மர் மாற்றிய தாளம்தான் பாட்டையே தூக்கியிருக்கும். ஆர்.ஈ.எம். பேண்டின் நால்வரும் எல்லாப் பாட்டிலும் நாலு பெயரையும் போட்டுக்கொண்டார்கள். உங்களுக்கு அது ஒத்துவராவிட்டால் வேறு விகிதம் வையுங்கள். ஆனால் பாட்டு வெளியாகும் முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வரிகளும் மெட்டும் ஒரு உரிமை, பதிவு செய்த ஒலி இன்னொரு உரிமை. ஸ்டுடியோ செலவை மாமா கொடுத்திருந்தால், ஒலிப்பதிவில் அவருக்கு என்ன பங்கு என்பதும் அந்தத் தாளில் வரட்டும்.

பாட்டை ஏற்றும் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். அவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டால் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். நம் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரோகிட் போன்றவற்றில் வருடச் சந்தா கட்டத் தவறினால் பாட்டுகள் இறங்கிவிடக்கூடும். ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீடு ஒன்று உண்டு. அதைக் குறித்து வைத்திருந்தால், வேறு நிறுவனத்துக்கு மாறும்போது பழைய ஸ்ட்ரீம் கணக்கைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

எழுதுபவரும் இசையமைப்பவரும், அவர்களுக்காக ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராகலாம். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், ராயல்டியில் அவர்களுக்குள்ள பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது. ஆனால் ஒலிப்பதிவின் உரிமைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு லேபிள் (பாட்டு வெளியிடும் நிறுவனம்) ஒப்பந்தம் நீட்டினால், அதில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற இரண்டும் ஒலிப்பதிவைத்தான் குறிக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து வருடம் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் ஒலிப்பதிவை நீங்களே வைத்துக்கொண்டு, நீங்களே ஏற்றுங்கள்.