பத்து டாலருக்கு ஒரு சென்ட்: யூட்டா நகரங்களில் ராப் வரி கொண்டுவரும் முறை

பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல்குளம், நாடக அரங்கு, இசைக்குழு. இவற்றுக்கென்றே விற்பனை வரியில் 0.1 சதவீதம் கூட்டிக்கொள்ள அமெரிக்காவின் யூட்டா மாநிலச் சட்டம் நகரங்களுக்கு இடம் தருகிறது. பத்து டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட். இதற்கு ராப் வரி என்று பெயர் (RAP: பொழுதுபோக்கு, கலை, பூங்கா ஆகிய ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்). வாக்கெடுப்பில் மக்கள் சம்மதித்தால்தான் இதை விதிக்க முடியும். பக்கத்து மாநிலமான கொலராடோவின் டென்வர் வட்டாரத்தில் இதே விகிதத்தில் ஒரு வரிக்கு 1988இலேயே வாக்காளர்கள் சம்மதித்தார்கள். யூட்டாவின் சால்ட் லேக் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1996இல்.

முதலில் கவுண்டியைப் பாருங்கள். அது ஏற்கனவே இந்த வரியை வசூலித்தால் நகரம் தனியாக வாக்காளர்களிடம் கேட்க முடியாது. வசூலிக்கவில்லை என்றால், வாக்கெடுப்பு நடத்தப்போவதாகக் கவுண்டிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாங்கள் கேட்கப்போவதில்லை என்று தீர்மானம் போட்டுத் தருவதா, தாங்களே வாக்கெடுப்புக்குப் போவதா என்று சொல்லக் கவுண்டிக்கு 60 நாள் உண்டு. நவம்பர் வாக்குச்சீட்டில் கேள்வி இடம்பெற வேண்டுமானால் இந்தக் கடிதம் வசந்த காலத்திலேயே போயிருக்க வேண்டும். கோடையில் நினைவு வந்தால் அந்த ஆண்டு போனது போனதுதான்.

அடுத்தது வருமானக் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். நகரத்துக்கு ஏற்கனவே வரும் ஒரு சதவீத விற்பனை வரியைப் பத்தால் வகுத்து இதுதான் ராப் வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு சதவீதத்தில் பாதி மக்கள்தொகைப்படி பிரிகிறது; மளிகைப் பொருள் மீதான வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. ராப் வரியோ மளிகைக்குக் கிடையாது. உங்கள் எல்லைக்குள் நடந்த விற்பனையைத்தான் பார்க்கும். பெரிய கடைகள் இல்லாத குடியிருப்பு நகரத்துக்கு அந்த வகுத்தல் கணக்கு தாராளமாகப் பொய் சொல்லும். மளிகை நீக்கிய விற்பனை 30 கோடி டாலர் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் வரும். அதில் நீச்சல்குளம் கட்ட முடியாது; நடைபாதை போடலாம், ஊஞ்சல் சறுக்குமரங்களை மாற்றலாம்.

பிரசாரத்துக்கு நகராட்சிப் பணத்தைத் தொடக்கூடாது. இது மாநிலச் சட்டம். ஆதரவு திரட்டுவது ஊர்க்காரர்கள் தங்கள் காசில் நடத்தும் குழுவின் வேலை.

பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி வையுங்கள்: பூங்காவுக்கு எவ்வளவு, கலை அமைப்புகளுக்கு எவ்வளவு, யார் விண்ணப்பிக்கலாம், எந்தக் குழு பரிசீலிக்கும். வென்ற பிறகு எழுத உட்கார்ந்தால் கால்பந்துக்காரர்களும் நாடகக்காரர்களும் மன்றக் கூட்டத்தில் மோதிக்கொள்வார்கள். கலை மானியம் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் நகரக் கலை மன்றத்துக்கும்தான். செலவு ரசீதைக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். பொது நிதியிலிருந்து பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்த தொகையை வெட்டி, அந்த இடத்தில் ராப் பணத்தைத் திணிக்கும் ஆசை எந்த நகர மன்றத்துக்கும் வரும். பழைய தொகை குறையாது என்று தீர்மானத்திலேயே கட்டிப்போடுவது நல்லது.

வாக்கெடுப்பில் வென்றால் உடனே ஒன்றும் நடந்துவிடாது. நகர மன்றம் வரிச் சட்டம் இயற்றி மாநில வரி ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பு கிடைத்து 90 நாள் கழிந்து வரும் காலாண்டின் முதல் நாளில்தான் வரி தொடங்கும். டிசம்பருக்குள் அறிவித்தால் ஏப்ரல் 1. ஜனவரி நடுவில் அனுப்பினால் ஜூலை 1. ஒரு காலாண்டு வசூல் காற்றில் போய்விடும். தொடங்கிய பிறகும் கடையில் வசூலான காசு ஆணையம் வழியாக வந்துசேரச் சில வாரங்கள் ஆகும். ஆகவே முதல் ஆண்டு முழு 12 மாத வருமானத்தை பட்ஜெட்டில் எழுதாதீர்கள். பொருளாதார மந்தம் வந்தால் மக்கள் முதலில் நிறுத்துவது கடைச்செலவை என்பதால், கொஞ்சம் கையிருப்பும் இருக்கட்டும்.

வரியின் ஆயுள் 10 ஆண்டு. இதை நம்பி 15 ஆண்டுக் கடன் பத்திரம் வெளியிட்டால் கடைசி ஐந்து ஆண்டுத் தவணை பொது நிதியின் தலையில் விழலாம். நீட்டிப்புக்கு மறுபடியும் வாக்கெடுப்பு, கவுண்டிக் கடிதம், 90 நாள் எல்லாம் உண்டு. அதனால் காலாவதிக்கு முந்தைய ஆண்டு நவம்பரையே குறித்துக்கொள்ளுங்கள்.